தாரில் பதிந்த கால்

ஏங்க,

ஆஸ்பத்திரி நிதிக்கு நான் கட்ட வேண்டியது ஐந்து ரூபாய். ஞாயிற்றுக்கிழமை அந்த நிதிக்காக நடந்த ஓட்டத்தில் நீங்கள் பென்னாகரம் வரை ஓடி முடித்தால் தருகிறேன் என்று தெருவே கேட்கச் சொல்லியிருந்தேன். முடித்துவிட்டு வந்த உங்களைப் பார்த்து, “பாதியில பஸ் ஏறியிருப்பீங்க” என்று சிரித்தேன். அதிலிருந்து பேச்சில்லை.

நேற்று ரோட்டு வேலைக்குப் போனால், பென்னாகரத்துக்குப் பக்கத்தில் நாங்கள் சனிக்கிழமை போட்ட தாரில் வெறுங்கால் தடம். சுண்டுவிரல் தனியாக விலகி நிற்கிறது. “எந்த எருமைடி மிதிச்சது?” என்று மேஸ்திரி கத்தினார். எங்கள் வூட்டு எருமை என்று சொல்லவில்லை.

களி சட்டியில் இருக்கிறது. போர்வைக்குள் ஒளித்த காலை மண்ணெண்ணெய் தொட்டுத் துடையுங்கள், சுரண்டாதீர்கள்.

மாதம்மாள்

மறந்துவிட்டேன்: நேற்றுக் கூலியில் ஐந்து ரூபாயையும் கட்டிவிட்டேன். “ரசீது யாரு பேருக்கும்மா?” என்றார் வசூல்காரர். “ஓடி முடிச்சவரு பேருக்குங்க” என்றேன்.