உன் பேச்சில் ஏழாவது வரி

அன்பு வாலுப் பெண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை, எனக்குத்தான் மாடிப்படியைக் கண்டால் முழங்கால் மல்லுக்கு நிற்கிறது. போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். உன் குரலைக் கேட்டதும் எனக்கு வாய் அடைத்துவிடும், அதனால்தான் கடிதம்.

அம்மா ஓய்வு பெறும் நாளன்று வீடியோவில் பேசப்போவதை எழுதி அனுப்பினாயே, நாலு தடவை படித்தேன், நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் அம்மாவின் வலது கையைப் பிடித்துக்கொண்டது வாஷிங் மெஷின் இல்லையம்மா, விரிப்புகளைத் தேய்க்கிற சூட்டு உருளை. முப்பது வருஷம் அந்த அறையில் நின்றவர்கள் கேட்கப்போகிறார்கள், சிரித்துவிடுவார்கள். அப்புறம் 'தியாகச் சுடர்' என்று ஒன்று போட்டிருக்கிறாய் பார், அதைக் கேட்டால் உன் அம்மா நாற்காலியை விட்டு எழுந்து போய்விடுவாள், தயவுசெய்து எடுத்துவிடு. இப்படி எதையாவது சொல்லிக்கொண்டே தள்ளிப்போடுகிறேன், எனக்கே தெரிகிறது.

ஏழாவது வரி. 'அந்த ஒரு வருஷம் முழுக்க அம்மாவுக்குக் கையாக இருந்தவர் அப்பா' என்று எழுதியிருக்கிறாய். அது பொய். உன் மேல் தப்பில்லை, உனக்கு அப்போது நாலு வயது, பிறகு அம்மா அப்படித்தான் சொல்லி உன்னை வளர்த்தாள். கட்டைப் பிரித்து அந்தக் கையை முதல்முதலாகப் பார்த்த அன்று, கடைக்குப் போய் வருகிறேன் என்று கிளம்பியவன் உன் பெரியப்பா வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். பதினோரு மாதம். சண்டை இல்லை, குடி இல்லை, வேறொருத்தி இல்லை, பயம், வெறும் பயம். அவள் இடது கையாலும் பல்லாலும் உனக்கு ஜடை பின்னினாள். வேலைக்குத் திரும்பினாள். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும், அவளோடு ஜோடி சேர்ந்தால் வேலை தாமதமாகும் என்று எல்லோரும் ஒதுங்கினார்களாம், ஒரு நுனியை அலமாரிக் கதவிடுக்கில் சொருகிக்கொண்டு தனியாக மடித்தாள். இன்றைக்கும் வீட்டில் கொடியிலிருந்து எடுத்த விரிப்பின் மறுநுனியை நான் பிடிக்கப் போனால், விடுங்க, எனக்குப் பழகிடுச்சு என்கிறாள். நான் வெட்கம்கெட்டுத் திரும்பி வந்து வாசலில் நின்றபோது, செருப்பை வெளியவே விடுங்க, இப்பதான் தரையைத் துடைச்சேன் என்றாள், அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அந்த வரியை எடுக்கச் சொல்லப்போகிறேன் என்று நேற்று அம்மாவிடம் சொன்னேன். அவ அப்படியே படிக்கட்டும், அவளுக்கு ஒரு நல்ல அப்பா இருந்தார்னு இருந்துட்டுப் போகட்டுமே, உங்களுக்கு என்ன வந்தது என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் என்ன செய்வேன், சொல்லு. எடுக்கச் சொன்னால் அவள் இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்ததை உடைத்தவன் ஆவேன். விட்டுவிட்டால் முதல் வரிசையில் உட்கார்ந்து கைத்தட்டல் வாங்கிக்கொள்ள வேண்டும். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். ஆனால் அந்தப் பிரிவில் பழைய ஆட்கள் அத்தனை பேருக்கும் நான் ஓடிப்போனது தெரியும், அவர்கள் முன்னால் ஒன்றும் தெரியாமல் நீ அதைப் படிப்பாய், அவர்கள் உன்னைப் பாவமாகப் பார்ப்பார்கள். அதுதான் என்னால் முடியவில்லை. அதனால்தான் அம்மா சொல்லைத் தட்டி இதை எழுதிவிட்டேன்.

அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று எனக்கு யோசனை வரவில்லை, நாலு காகிதம் கிழித்தாயிற்று. உன் இஷ்டம். நீ எது சொன்னாலும் உட்கார்ந்து கேட்பேன். என்மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு, ஆனால் அம்மாவிடம் ஏன் மறைத்தாய் என்று மட்டும் கேட்டுவிடாதே.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் ஒருவரை ஒருவர் விடாமல் நன்றாக இருக்க வேண்டும். நிதானமாகப் பேசு, மைக்கை ஒருமுறை சரிபார்த்துக்கொள். பேசும்போது திரையில் என்னைத் தேடாதே, அம்மாவைப் பார்த்தே பேசு.

இப்படிக்கு,
அப்பா