கீழ்த்தளம், முன்பக்க அறை

ஜனவரி 14

காலையில் வாசல் பனியை அள்ளினேன். முதுகு பிடித்துக்கொண்டது. மதியம் நூலகத்தின் பின்னறையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கக் கூட்டம். இந்த ஆண்டுச் சுற்றுலா மிசிசிப்பியில் கப்பல் பயணம் என்று முடிவாயிற்று. எந்தக் கப்பல், எந்தப் பாதை, யாருக்கு எந்த அறை என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். முப்பது ஆண்டு புவியியல் நடத்தியவள் என்று என் பெயரைச் சொன்னார்கள். தச்சுப் பாடம் எடுத்த டுவேன் எழுந்து நின்று கைதட்டினார். "டீச்சரம்மா கையில மேப்பைக் குடுத்துட்டா நமக்கு என்னப்பா கவலை?"

மறுக்கத்தான் வாயெடுத்தேன். அதற்குள் பின்வரிசையில் வெர்னா கையைத் தூக்கினாள். "நானும் வரேன். என் பேரையும் எழுதிக்க."

எழுதிக்கொண்டேன்.

ஜனவரி 15

தூக்கமில்லை. வெர்னா வருகிறாள்.

கோபம் வந்தால் எழுதிப் பாருங்கள், அது எவ்வளவு உயரம் என்று தெரியும் – வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன். ஆறு ஆண்டாகியும் இதை நான் எழுதியதே இல்லை. சரி, எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஊருக்கு வடக்கே உள்ள ஆற்று மதகுக்குக் கூட்டிப்போன நாள். நல்ல மழை. திரும்பும்போது பேருந்துப் படியில் நின்று தலை எண்ணியவள் வெர்னா. நான் கடைசி இருக்கையில், வாந்தியெடுத்த பிள்ளையோடு இருந்தேன். ஒரு பெண் பார்வை மேடையிலேயே நின்றுவிட்டாள். மதகுக்காரர்கள் போன் செய்த பிறகுதான் பள்ளிக்கே தெரிந்தது. மறுநாள் வெர்னா தலைமையாசிரியரிடம் போய், மார்லிஸ்தான் எண்ணினாள் என்று என் பெயரைச் சொன்னாள். அதோடு விட்டாளா? "பாவம், இப்பல்லாம் அவளுக்கு எதுவும் நினைவுல நிக்கறதில்ல."

முதல் பொய்யை எதிர்த்துப் பேசலாம். இரண்டாவதை எப்படி எதிர்ப்பது? எடுத்துக்காட்டாக, "எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது" என்று நாலு பேரிடம் சொல்லிப் பாருங்கள். ஐந்தாவது ஆள் உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார். மே மாதம் ஓய்வு என்று சொல்லி, ஒரு கேக் வெட்டி அனுப்பிவிட்டார்கள். மளிகைக்கடைப் பெண் இன்னமும் என்னிடம் மெதுவாக, சத்தமாகப் பேசுகிறாள்.

பேருந்தில் வேறு ஆசிரியர்களும் இருந்தார்கள். மழை, கண்ணாடியெல்லாம் ஆவி – கவனித்திருக்க மாட்டார்கள். கவனித்திருந்தால் சொல்லியிருப்பார்கள்.

ஜனவரி 22

கப்பல் நிறுவனங்களின் வண்ணப் புத்தகங்கள் வந்துவிட்டன. சமையலறை மேசை முழுக்கப் பரப்பினேன்.

இரண்டு பாதைகள். கீழாறு: நியூ ஆர்லியன்ஸிலிருந்து மெம்ஃபிஸ் வரை. அகன்ற ஆறு, தடையே இல்லை. படுத்தால் தொட்டிலில் கிடப்பது போலிருக்குமாம். மேலாறு: செயின்ட் லூயியிலிருந்து எங்கள் டபியூக் வழியாக செயின்ட் பால் வரை. இங்கே வழிநெடுக மதகுகள். கப்பல் ஒரு பெரிய கான்கிரீட் தொட்டிக்குள் போகும், பின்கதவு மூடும், தண்ணீர் ஏறும், முன்கதவு திறக்கும். மாடிப்படி ஏறுவது போல ஆறு ஏறுகிறோம், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு படியிலும் சங்கு ஊதுவார்கள், விளக்கடிப்பார்கள், சங்கிலி உரசும், ஆட்கள் கத்துவார்கள். ராத்திரி பகல் கிடையாது.

வெர்னாவின் கணவர் ரஸ் சரக்குப் படகில் வேலை பார்த்தவர். மதகுக்குப் பக்கத்திலேயே வீடு. அவர் இறந்ததும் அவள் மேற்கே குன்றின் மேல் ஒரு புது ஃப்ளாட்டுக்குப் போய்விட்டாள். ரஸ்ஸின் இறுதிச் சடங்கு விருந்தில் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது: "அந்தச் சத்தத்தோடயே என் ஆயுசு போச்சு."

மேலாறுதான்.

பிப்ரவரி 3

சங்கத்தில் ஃபிலிஸ் முரண்டு பிடித்தாள். பக்கத்து வகுப்பறையில் இருபது ஆண்டு ஆங்கிலம் நடத்தியவள். "எனக்கு நியூ ஆர்லியன்ஸ் இறாலும் பாட்டும் வேணும், மார்லிஸ். நம்ம ஆத்தைத்தான் தினமும் பாக்கறோமே!"

"தினமும் கண்ணாடியும்தான் பாக்கற. உன் முதுகு எப்படி இருக்கும், சொல்லு பாப்போம்? கரையிலேர்ந்து பாக்கற ஆறு வேற, ஆத்துக்குள்ளேர்ந்து பாக்கற ஊர் வேற."

சிரித்தார்கள். கை தூக்கினார்கள். வெர்னாவும் தூக்கினாள். அப்பாவி மாதிரி.

மார்ச் 9

கப்பல் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் இனிமையாகப் பேசினாள். "உன் சொந்த அம்மாவுக்குக் குடுக்கவே மாட்டேன்னு நீ நினைக்கிற அறை எதும்மா?" என்று கேட்டேன்.

ஒரே சிரிப்பு. "கீழ்த்தளத்துல, முன்பக்கம் ஒண்ணு இருக்கு மேடம். சுவருக்கு அந்தப் பக்கம்தான் கயிறு சுத்தற இயந்திரம். யாருக்குக் குடுத்தாலும் மறுநாள் காலையில சண்டைக்கு வந்துருவாங்க."

"அதை வெர்னான்னு ஒருத்தி பேர்ல போட்டுரு. ரொம்ப வேண்டியவ."

ஜூன் 20

சந்தையில் வெர்னா. என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். செப்டம்பர் வரைக்கும் எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கலாம்.

செப்டம்பர் 12, செயின்ட் லூயி

ஏறிவிட்டோம். அவளது அறைச் சாவியை என் கையாலேயே கொடுத்தேன்.

செப்டம்பர் 13

அவள் கண்ணைப் பார்க்க வேண்டுமென்றே சாப்பாட்டுக் கூடத்துக்கு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். எல்லோருக்கும் பின்னால்தான் வந்தாள். முடி ஒரு பக்கம் அமுங்கியிருந்தது. என் எதிரே உட்கார்ந்தாள். திட்டப் போகிறாள் என்று நிமிர்ந்துகொண்டேன்.

"எட்டு மணி வரைக்கும் தூங்கிட்டேன், மார்லிஸ்."

முட்டை இரண்டு தட்டு சாப்பிட்டாள். வாயில் ரொட்டியோடு பேசினாள். "ரஸ் போனதுக்கப்புறம் ஒரு ராத்திரிகூட இப்படித் தூங்கல. அந்த ஃப்ளாட்ல ஒரு சத்தமும் கிடையாது. பேய் மாதிரி சுவத்தைப் பாத்துக்கிட்டே கிடப்பேன். இங்க பசங்க மதகுச் சுவருக்கு இன்னும் 'இருபதடி, பத்தடி'ன்னு கத்தறாங்க, கயிறு இழுக்கறாங்க – அவர் பக்கத்து ரூம்ல வேலையா இருக்கற மாதிரியே இருந்தது." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு எப்படிடி தெரிஞ்சது?"

"தெரியும்" என்றேன்.

என் முட்டை ஆறிப்போயிற்று.

செப்டம்பர் 14

நான் என்ன, அவளுக்குத் தாலாட்டா வாங்கிக் குடுத்தேன்? எட்டு மாசமா உக்காந்து யோசிச்சு, பாதை தேடி, சங்கத்தையே வளைச்சு – அவ நிம்மதியாத் தூங்கறதுக்கா? அவளால நான் தூங்காத ராத்திரிக்கெல்லாம் யார் கணக்குச் சொல்றது?

சரி. நிதானம். ஒரு வழி அடைபட்டால் ஆறு நின்றுவிடுமா, பக்கத்தில் ஒன்று வெட்டிக்கொள்ளும்.

மேல்தளத்தில் ஒருவர் உடம்பு சரியில்லாமல் இறங்கிவிட்டார். நடுவில் உள்ள அறை. ஊசி விழுந்தால் கேட்கும் என்றார்கள். எங்கள் குழுவின் அறைகளை மாற்ற என் கையெழுத்து போதும்.

மதியச் சாப்பாட்டில், எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். "வெர்னா, அந்தச் சத்தத்துல நீ கிடக்கறது எனக்கு மனசு கேக்கல. கப்பல்லயே அமைதியான அறையை உனக்காகக் கேட்டு வாங்கிட்டேன். நாளைக்கு மாறிக்கோ."

"ஐயோ, மார்லிஸுக்கு எவ்வளவு நல்ல மனசு!" என்றாள் ஃபிலிஸ்.

வெர்னா கரண்டியைக் கீழே வைத்தாள். அந்த முகத்தைப் பார்க்கத்தான் நான் கப்பலேறியது.

செப்டம்பர் 15

காலையில் என் அறைக் கதவைத் தட்டினாள். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"மாத்தாத, மார்லிஸ். உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்."

விடை தெரிந்தும் வாய் திறக்காத பிள்ளைகள் உண்டு. அவர்களிடம் நான் குரலை உயர்த்தியதே இல்லை. கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பேன். அப்படித்தான் கேட்டேன்.

"அன்னிக்கு பஸ்ல தலை எண்ணினது யாரு?"

நடைவழியில் யாரோ பெட்டி இழுத்துப்போனார்கள். அந்தச் சத்தம் போய் மறையும் வரை நின்றாள்.

"நான்தான்."

"எனக்குத் தெரிஞ்சதையே என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? நாளைக்கு ராத்திரி சாப்பாட்டு நேரத்துல கப்பல் நம்ம ஊர் மதகைத் தாண்டுது. எல்லாரும் மேசையில இருப்பாங்க. அப்ப எழுந்து நின்னு சொல்லு. எனக்கு நினைவு தப்பலங்கறதையும் சேத்துச் சொல்லு. அதுவரைக்கும் மாத்த மாட்டேன். சொல்லிட்டா கீழ் அறை உனக்கே."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

 

செப்டம்பர் 16

அப்படியே எழுதிவிடுகிறேன்.

கப்பல் தொட்டிக்குள் நுழைந்தது. சன்னலுக்கு வெளியே ஈரச் சுவர் மெல்லக் கீழிறங்கி, பார்வை மேடையின் கம்பிவேலி தெரிந்தது. வெர்னா எழுந்தாள். கண்ணாடித் தம்ளரைக் கரண்டியால் தட்டினாள். ஒரு சொல்லையும் விழுங்காமல் சொன்னாள். "அந்தப் பொண்ணை இங்க விட்டுட்டு வந்தது நான். எண்ணினது நான். மார்லிஸ் மேல பழி போட்டேன். அவளுக்கு நினைவு தப்புதுன்னு சொன்னதும் பொய்."

இந்த அமைதிக்காகத்தான் ஆறு ஆண்டு காத்திருந்தேன். எல்லா முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் என்று திரும்பினேன்.

ஃபிலிஸ் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். "அது எங்களுக்கு அப்பவே தெரியுமே!"

"படியில நின்னு எண்ணினது வெர்னாதான். நான் டிரைவருக்குப் பின்னாடிதான உக்காந்திருந்தேன்" என்றார் டுவேன். "நல்ல சாப்பாட்டு நேரத்துல எதுக்கு அந்தப் பழங்கதை? அந்த வெண்ணெயை இப்படித் தள்ளுங்க, டீச்சரம்மா."

"தெரிஞ்சிருந்தா ஏன் யாரும் சொல்லல?" என்றேன்.

ஃபிலிஸ் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "யாரும் எங்களைக் கேக்கலையே, மார்லிஸ்."

வெண்ணெயைத் தள்ளினேன்.

பிறகு இனிப்புக்கு ஆப்பிள் பை வந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள். நானும் வெர்னாவும் தொடவில்லை.

செப்டம்பர் 17

யாரும் கேக்கலையே.

செப்டம்பர் 19, செயின்ட் பால்

இறங்கினோம். பெட்டிகளுக்காகக் காத்திருக்கும்போது வெர்னா பக்கத்தில் வந்து நின்றாள். "அவங்களுக்கெல்லாம் தெரியும்னு எனக்குத் தெரியாது. எவனாவது வாயைத் திறந்துடுவானோன்னு இத்தனை வருஷமும் பயந்து செத்தேன்."

"பயப்பட்டிருக்கவே வேண்டாம்" என்றேன். "தங்கமான ஜனங்க."

அவளை நான் மன்னிக்கவில்லை. இதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன். ஆனால் ஆறு ஆண்டாக ஒருத்தி மேல் மட்டும் கோபப்பட்டிருக்கிறேன். இந்த வயதில் இவ்வளவு சிக்கனம் எதற்கு?

அக்டோபர் 2

மளிகைக்கடைப் பெண் மெதுவாகப் பேசினாள். நான் அதைவிட மெதுவாகப் பதில் சொன்னேன்.

நவம்பர் 11

சங்கக் கூட்டம். பயணம் பிரமாதம் என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். அடுத்த ஆண்டும் நானே பார்த்துச் செய்ய வேண்டுமாம். "இந்தத் தடவை கீழாறு!" என்றாள் ஃபிலிஸ். "எனக்கு நல்ல அமைதியான அறையா பாத்துப் போடு. உன்னைத்தான் நம்பியிருக்கேன்."

"உனக்குப் பாக்காம வேற யாருக்குப் பாக்கப் போறேன்?"

சாயங்காலம் வெர்னா போன் செய்தாள். பிறகு நேரிலேயே வந்துவிட்டாள். கப்பலின் தளப் படத்தை மேசையில் விரித்தேன். கீழாற்றில் மதகுகள் இல்லை, அதுதான் தொல்லை என்றேன். அவள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் குனிந்து பார்த்தாள். மேல்தளத்தின் பின்கோடியில் விரலை வைத்தாள்.

"இங்க நீராவி ஆர்கன்னு ஒரு ஊதற வாத்தியம் இருக்கு. ஒவ்வொரு ஊர்லேர்ந்து கிளம்பறப்பவும் அரை மணி நேரம் அலறும். காலங்காத்தாலகூட. அதுக்கு நேர் கீழ ரெண்டு அறை."

"ஒண்ணு ஃபிலிஸுக்கு" என்றேன்.

"இன்னொண்ணு டுவேனுக்கு" என்றாள்.

காபி போட எழுந்தேன். வெர்னாவுக்கு இரண்டு கரண்டி சர்க்கரை வேண்டும். ஆசிரியர் அறையில் எத்தனை ஆண்டு பார்த்திருக்கிறேன். போடவில்லை. அவள் ஒரு வாய் குடித்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள், மிச்சத்தையும் குடித்தாள்.