மாப்பிள்ளையின் இடது கை

நவம்பர் 2

அன்புள்ள மாப்பிள்ளை ரோமெக்குக்கு,

மைத்துனன் ஜெனெக் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். விஷயத்துக்கு வருமுன் ஒரு வெட்கக்கேட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஜூலை மாதத்திலிருந்து நீ ஓட்டிய ஒரு பந்தயத்தையும் நான் பார்க்கவில்லை. மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், புறப்படும்போது மேலே தூக்குகிற அந்த நாடாவுக்கு முன்னால் நிறுத்துவேன், உன் முதுகில் ஒரு தட்டு தட்டுவேன், அப்புறம் நேராகக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற தகரக் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். நாலு சுற்று, ஒரு நிமிஷம். நீ எத்தனையாவதாக வந்தாய் என்று ஒலிபெருக்கி சொன்ன பிறகுதான் வெளியே வருவேன். வயிறு சரியில்லை என்று உன்னிடம் சொன்னதெல்லாம் பொய். என் வயிறு கல்லைத் தின்றாலும் செரிக்கும். ஆனால் போஜெனா அதை நம்பி, நாலு மாதமாக உலர்ந்த காட்டுப்பழத்தைக் காய்ச்சிக் காய்ச்சிக் கொடுக்கிறாள். தங்கச்சி கையால் தருவதை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? குடித்துக் குடித்து எனக்கு இப்போது நிஜமாகவே மலச்சிக்கல். அதற்கும் நீதான் பொறுப்பு.

நீ போனை அணைத்து வைத்திருக்கிறாய். பத்திரிகைக்காரர்கள் தொல்லை தருகிறார்களாம். எந்தப் பத்திரிகைக்காரன்? நம் ஊர்ப் பத்திரிகையில் விளையாட்டுப் பக்கம் எழுதுகிறவனே நாய்க் கண்காட்சியைப் பற்றியும் எழுதுகிறான். போன வாரம் உன்னை “சகாப்தம்” என்று போட்டிருந்தான். அதே பக்கத்தில் பரிசு வாங்கிய ஒரு கிழட்டு வேட்டை நாய்க்கும் அதே வார்த்தை. நாய் நாலு காலிலும் ஒழுங்காக நின்றிருந்தது. கடலோரச் சிகிச்சை இல்லத்தில் காலையில் முழங்காலுக்குச் சேற்றுப் பத்து, சாயங்காலம் விதவைகளோடு நடனம் என்று இருக்கிறவனுக்குப் போன் எதற்கு என்று நானும் விட்டுவிட்டேன். அதனால்தான் கடிதம். பட்டாளத்தில் இருந்தபோது அம்மாவுக்கு எழுதியது, அதற்குப் பிறகு இதுதான். எழுத்தில் தப்பு இருந்தால் சிரித்துவிட்டு மேலே படி. எட்டு வகுப்பு படித்தவனிடம் இதற்கு மேல் வராது.

நேற்று அனைத்துப் புனிதர் திருநாள். எல்லோரும் கல்லறைக்குப் போனோம். அப்பா அம்மாவுக்குச் சாமந்திச் சட்டியும் விளக்கும் வைத்துவிட்டு, வழக்கம்போல பந்தய ஓட்டக்காரர்களைப் புதைத்திருக்கிற வரிசைக்குப் போனேன். அங்கே எப்போதும்போல நம் சொந்தக்காரர்களின் கல்லறையைவிடக் கூட்டம் அதிகம். கழுத்துத் துண்டுகளைச் சிலுவையில் கட்டி, விளக்குகளை ஏற்றி, நின்ற இடத்திலேயே சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைத் துப்பிக்கொண்டு, உன்னைப் பற்றித்தான் பேச்சு. ரோமெக் எப்போது நிறுத்த வேண்டும்? நாற்பதிலேயே நிறுத்தியிருக்க வேண்டும் என்றான் ரொட்டிக்கடைக்காரன். அவன் முப்பது வயதில் வேலையை நிறுத்திவிட்டுப் பெண்டாட்டியை அடுப்படியில் நிற்க வைத்தவன். ஒரு பந்தயத்துக்குச் சராசரி ஒன்றரைப் புள்ளிக்குக் கீழே போனால் இறங்கிவிட வேண்டும் என்று இன்னொருவன் விரல்விட்டுச் சொன்னான். மனசில் பசி இருக்கிறவரை ஓட்டலாம் என்றார் பாதிரியார். அவருக்குப் பசியைப் பற்றி நன்றாகத் தெரியும், இடுப்பைப் பார்த்தாலே தெரிகிறது.

அந்த நேரத்தில் நம் அணியின் சேர்மன் கவ்ரோன் வந்தார். வாழ்நாளில் அந்த மனிதர் பிடித்த ஒரே கைப்பிடி தொத்திறைச்சி அரைக்கிற எந்திரத்துடையது. செத்துப்போன ஓட்டக்காரர்கள் ஒவ்வொருவர் முன்னாலும் தொப்பியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். யாராவது படம் எடுக்கிறார்களா என்று நடுநடுவே ஒரு பார்வை. அப்புறம் என் தோளில் கையைப் போட்டார்.

“ஜெனெக், அடுத்த வெள்ளிக்கிழம கடலோரம் போறேன். கையெழுத்து வாங்கிட்டுத்தான் திரும்புவேன். நம்ம ரோமெக் இன்னும் ரெண்டு வருஷம் மேல் பிரிவுல ஓட்டுவான்யா. நாப்பத்தாறெல்லாம் ஒரு வயசா?”

“சேர்மனா இருக்கறதுக்கு அது சின்ன வயசுதான்” என்றேன்.

சிரித்தார். அவர் எதற்கும் சிரிப்பார். செப்டம்பரில் நீ ஜெயித்த அந்தக் கடைசிப் பந்தயம்தான் நம் அணியை மேல் பிரிவில் காப்பாற்றியது, அந்த மூன்று புள்ளிக்கு ஊரே கடன்பட்டிருக்கிறது என்றார். அடுத்த வருஷத்துக்கான கழுத்துத் துண்டின் மாதிரியைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். உன் முகம் போட்டிருக்கிறது. அதில் உனக்குத் தலை நிறைய முடி.

மாப்பிள்ளை, அந்தக் கையெழுத்தைப் போடாதே. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மூன்று விஷயம் இருக்கிறது. கழிப்பறையைச் சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு.

இந்த வருஷம் முழுக்க உனக்கு ஸ்டார்ட் சரியாக அமையவில்லை. நீ என்னவெல்லாம் சொன்னாய் என்று நினைத்துப் பார். தரை ஈரம் என்றாய். அடுத்த வாரம் தரை காய்ந்துவிட்டது என்றாய். டிராக்டர்காரன் உள்பக்கத் தடத்தை மட்டும் வேண்டுமென்றே கெடுக்கிறான் என்றாய். அவன் பாவம், உனக்காக ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கே போகாமல் மண்ணை இழுக்கிறவன். எஞ்சின் ட்யூன் பண்ணுகிறவனைத் திட்டி இரண்டு பேரை மாற்றினாய். கடைசியில் நாடா தூக்குகிற நடுவருக்கு உன்மேல் பொறாமை என்று சொன்னாயே, அன்றைக்கு நான் சிரிப்பை அடக்க முடியாமல் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்துகொண்டேன்.

தரையும் இல்லை, எஞ்சினும் இல்லை. உன் கிளட்ச்சில் ஏப்ரல் கடைசியிலேயே நான் ஸ்பிரிங்குகளை மாற்றிவிட்டேன். மெல்லியதாகப் போட்டேன். உன்னிடம் சொல்லவில்லை.

ஏன் மாற்றினேன் என்று உனக்கே தெரியும். சீசன் தொடங்கின முதல் இரண்டு மேட்சிலும் நாடா தூக்குமுன்பே அதைத் தொட்டு, நீக்கப்பட்டு வெளியே போனாய். வெளியிலிருந்து பார்த்தவர்கள் அவசரம் என்றார்கள். நான் பக்கத்தில் நின்றேன். அவசரம் இல்லை. எஞ்சின் அலறிக்கொண்டு நிற்கும்போது உன் இடது கை விரல்களால் கிளட்ச் லிவரைப் பிடித்துவைக்க முடியவில்லை. விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன, வண்டி தானாகவே முன்னால் நகர்ந்தது. அந்த மணிக்கட்டை மூன்று தடவை உடைத்தாய். உன் உடம்புக்குள் இருக்கிற திருகாணிகளைக் கழற்றிப் போட்டால் என் பெட்டி நிறைந்துவிடும். அடுத்த தடவை நாடாவைத் தொட்டால் ஊர் சிரிக்கும் என்று பயந்து, ஒரு சின்னப் பெண்கூடப் பிடிக்கிற அளவுக்கு லிவரை லேசாக்கினேன். அதற்கப்புறம் நீ நாடாவைத் தொடவில்லை. ஆனால் கிளட்ச் வழுக்கும், மற்ற மூவரும் கிளம்பின பிறகு நீ புறப்படுவாய். இரண்டில் ஒன்றுதான் உனக்கு இனி கிடைக்கும் மாப்பிள்ளை. கெட்டி ஸ்பிரிங் போட்டால் நாடா, மெல்லியது போட்டால் கடைசி இடம். நடுவில் ஒரு ஸ்பிரிங் இருக்கிறதா என்று சீசன் முழுக்கத் தேடினேன். அப்படி ஒன்றை யாரும் செய்யவில்லை.

என்னைத் திட்டு. நீ திட்டுவதற்கு முன்பே நானே என்னைத் திட்டிக்கொண்டுவிட்டேன். இருபத்திரண்டு வருஷமாக உன் வண்டியைத் தொடுகிறவன், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லாமல் ஸ்பிரிங்கை மாற்றியிருக்கிறேன். இப்படிப்பட்ட மெக்கானிக்கை நானாக இருந்தால் சைக்கிள் கடைக்கு அனுப்பியிருப்பேன்.

மூன்றாவது விஷயம் கல்லறை வாசலில் கிடைத்தது. சேர்மனிடமிருந்து தப்பித்து வெளியே வந்தபோது தமியான் நின்றுகொண்டிருந்தான். பக்கத்து ஊர் அணிக்காரன், செப்டம்பரில் உன்னோடு ஓட்டினவன், இருபத்திரண்டு வயது. அவன் தாத்தாவை நம் ஊரில்தான் புதைத்திருக்கிறார்கள். வலது கையை இன்னும் துணியால் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறான். தீக்குச்சி உரச முடியாமல் விளக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். நான் கொளுத்திக் கொடுத்தேன்.

அந்தப் பந்தயத்தைப் பற்றிக் கேட்டேன். நான் பார்க்கவில்லையே. நான் கேட்டது ஒலிபெருக்கி மட்டும்தான். கடைசிச் சுற்று, கடைசித் திருப்பம், தமியான் விழுந்தான், சிவப்பு விளக்கு, விழுந்தவனை நீக்கி ரோமெக்குக்கு மூன்று புள்ளி, கூட்டம் எழுந்து நின்று பாடியது. நான் உள்ளே உட்கார்ந்துகொண்டு அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன். அவன் முதலில் சொல்ல மாட்டேன் என்றான். என்ன தம்பி, ஓட்டத் தெரியாமல் விழுந்தாயா என்று கொஞ்சம் சீண்டினேன். சீண்டினால் யாரும் சொல்லிவிடுவார்கள், அது என் தொழில்.

“நா வேலியோரமா வெளிப்பக்கத்துல வந்துட்டிருந்தேன் ஜெனெக் அண்ணே. அவரு கை நழுவுறத பார்த்தேன். வண்டி அவரு பேச்ச கேக்கல, எனக்கு முன்னால வேலிப் பக்கமா குறுக்க வந்துச்சு. நா முறுக்கியிருந்தா இடிச்சிருப்பேன். வேலிக்கும் எனக்கும் நடுவுல அவரு இருந்திருப்பாரு. இந்த வண்டில பிரேக்கா இருக்கு? அதான் படுத்துட்டேன்.”

வேண்டுமென்றே வண்டியைச் சாய்த்து விழுந்தாயா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையை ஆட்டினான். அவனுக்குத் தோள் எலும்பு போனது, அவன் அணிக்கு மேட்ச் போனது. வேறு யாராவது இப்படிக் குறுக்கே வந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்றேன்.

“வேற யாராவதுன்னா இடிச்சிருப்பேன். அவர இடிக்க மனசு வரல. எங்க பசங்க எல்லாரும் அப்டித்தான், அவரு பக்கத்துல வந்தா ஒரு கை எடம் விட்டுதான் ஓட்டுவோம். நீங்க அவருகிட்ட சொல்லிடாதீங்க.”

சொல்லிவிட்டேன். நான் அவனுக்கு வாக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கும். இதே பிள்ளைகளின் அப்பன்மார் நாடாவுக்கு முன்னால் உன் பக்கத்துத் தடம் விழுந்தால் முகம் வெளுப்பார்கள். நீ முதல் திருப்பத்தில் முழங்கையை வைக்கிற அழகைப் பார்த்துவிட்டு உள்ளே வருவதா வேண்டாமா என்று யோசிப்பார்கள். யோசிக்கிற நேரத்தில் நீ போய்விடுவாய். பின்னால் வருகிறவன் உன்னைப் பார்த்துப் பயப்படுகிறவரை ஓட்டலாம் மாப்பிள்ளை. உனக்காகப் பயப்படத் தொடங்கிவிட்டால் இறங்கிவிட வேண்டும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ரொட்டிக்கடைக்காரனின் வயதும் வேண்டாம், சராசரியும் வேண்டாம்.

இதை எழுதும்போது நீ என்ன சொல்வாய் என்று எனக்குக் கேட்கிறது. ஆறு மாதம் கையைப் பழக்கினால் சரியாகிவிடும், கீழ்ப்பிரிவில் ஒரு வருஷம் ஓட்டிவிட்டு மேலே வருகிறேன், ஒரு டேனிஷ்காரன் ஐம்பது வரை ஓட்டினானே. ஓட்டினான். அவன் ஓட்டுவதைப் பார்க்க அவன் பெண்டாட்டியும் ஆம்புலன்ஸ் டிரைவரும் மட்டும் வந்தார்கள். கை பழகாது. அந்தக் கையில் நீ காப்பிக் கோப்பையைப் பிடிக்கிற விதத்தை நான் பார்க்கவில்லை என்று நினைத்தாயா? கோப்பையை மேசையோடு தேய்த்துத் தேய்த்து வாய்க்குக் கொண்டுபோகிறாய்.

போஜெனாவிடம் நேற்றிரவு எல்லாவற்றையும் சொன்னேன். உன்மேல் கோபப்படுவாள், என்மேல் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். சூப்பில் உப்பு போட்டாள், ருசி பார்த்தாள். அப்புறம்தான் பேசினாள்.

“அவரு வந்து கேட்டா நான் ஓட்டுங்கன்னுதான் சொல்லுவேன்ணே. இருபது வருஷமா வேற எதுவும் சொல்லிப் பழக்கமில்ல. நீயே எழுதிடு.”

இருபது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உனக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, நீ கிளம்பின பிறகு தட்டுகளைக் கழுவாமல் அப்படியே மேசையில் விட்டுவைப்பாள், தெரியுமா? நீ திரும்பி வந்த பிறகுதான் கழுவுவாள். நான் அதைக் கேலி பண்ணியிருக்கிறேன். இனிமேல் பண்ண மாட்டேன்.

சேர்மன் வருகிற அன்று நடனத்துக்குப் போய்விடு. ஒரு தாளையும் தொடாதே. விதவைகளில் யாராவது ஒருத்தியை அவர்மேல் ஏவிவிடு, அவருக்கும் முழங்காலில் வலி இருக்கிறது, சேறு பூசட்டும். வசந்தத்தில் உனக்கு ஒரு விடைகொடுக்கும் மேட்ச் வைப்போம். நான்கு சுற்று நீ தனியாக, மெதுவாக, எல்லோரும் பார்க்கிற மாதிரி ஓட்டு. அன்றைக்கு நான் கழிப்பறைக்குப் போக மாட்டேன், வேலியோரம் நின்று பார்ப்பேன். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் இருவரும் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து விதை கொறித்துக்கொண்டு, ஓட்டுகிறவர்களை எல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டலாம். உனக்கு அதில் நல்ல எதிர்காலம் இருக்கிறது, வாய் மட்டும் உனக்கு இன்னும் கொஞ்சமும் தேயவில்லை.

மாதா உன்னை இரண்டு கையோடும் இரண்டு காலோடும் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வண்டியைத் துடைக்கிறவன்,
ஜெனெக்

பி.கு. ஓட்டத்தை விட்டவன் தன் பந்தய உடுப்பை மாட்டுவதற்கு அவன் மெக்கானிக்தான் ஆணி அடித்துத் தர வேண்டும் என்பது நம் வழக்கம். நீ வருவதற்குள் தயாராக இருக்கட்டும் என்று இன்று காலையில் உன் கேரேஜ் சுவரில், ஜன்னலுக்குப் பக்கத்தில், நல்ல நீளமான ஆணியாகப் பார்த்து அடித்தேன். சுவருக்குள் அந்த இடத்தில் தண்ணீர்க் குழாய் போகிறது. ஆணி உறுதியாக நிற்கிறது. பீய்ச்சியடித்த தண்ணீர் மதியம்தான் நின்றது, தெரு முழுவதற்கும் மூடிவிட்டார்கள்.