ஏலத்தில் எடுத்த வாரம்

குவைத்
4 ஜனவரி 2025

அன்பு சுஹைனாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

முகம்மது இப்ராஹிம் ஊருக்கு வருகிறான். அவன் கையில் உம்மாவுக்கு முட்டுவலித் தைலம், நம் ஷிஃபாவுக்குப் பேனா டப்பா, பெட்டியின் அடியில் இந்தக் கடிதம். போனில் சொல்ல முடியாத விஷயம். நம் வீட்டில் போன் வந்தாலே ஸ்பீக்கரில் போட்டு நடு ஹாலில் வைத்துவிடுகிறீர்கள். போனிலேயே எழுதி அனுப்பினால் ஷிஃபா எல்லோருக்கும் கேட்க வாசிக்கிறாள். நம் இருவருக்கும் இப்ராஹிமின் பெட்டிதான் கதி.

போன லீவை நினைத்துப் பார். நாற்பது நாள் இருந்தேன். தங்கச்சி கல்யாணம், விருந்து, வந்தவர், போனவர். நீயும் நானும் தனியாகப் பேசியது திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போன காரில்தான். அதிலும் முன்னால் கார்முகில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். நீ பாதி வழி அழுதாய், அவன் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தான். அது எனக்கு மறக்கவே இல்லை.

அதற்குத்தான் ஒன்று பார்த்திருக்கிறேன். கொடைக்கானலில் ஒரு விடுதி. மே மாதம் இரண்டாவது வாரம் அங்கே ஓர் அறை நமக்கு. ஒரு வருஷம் அல்ல, வருஷா வருஷம். கம்பெனியில் புதிதாக வாங்கினால் யானை விலை. முன்பே வாங்கி வைத்தவர்கள் இணையத்தில் ஏலம் விடுகிறார்கள், அதில் பாதிக்கும் கீழே கிடைக்கும். ஏமாற்றுக்காரர்களும் உண்டு. ஒருவன் முன்பணம் உடனே போடு என்றான், அந்தப் பக்கமே போகவில்லை. அதனால் நம் ஊர்ப் பக்கத்து ஆள் விற்பதை மட்டும் தேடினேன். அம்பகரத்தூரில் நீலாயதாட்சி என்று ஓர் அம்மா. நீ நேரில் போய்ப் பத்திரத்தைப் பார். பராமரிப்புக் கட்டணம் பாக்கி இருக்கிறதா, இந்த வருஷ வாரத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டார்களா என்று அங்கிருந்தே விடுதி ஆபீசுக்குப் போன் செய்து கேள். இணையத்தில் நம் ஏலக் கணக்கின் உள்ளே போக ஷிஃபா பெயரும் அவள் பிறந்த வருஷமும்தான் பாஸ்வேர்ட். ஏலம் 26ஆம் தேதி முடிகிறது.

எல்லாம் சரியாக இருந்தால் போனில் 'சரி' என்று மட்டும் சொல். எனக்குப் புரியும்.

உன்
காஜா நஜ்முதீன்


காரைக்கால்
18 ஜனவரி 2025

அன்புள்ள மச்சானுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

தைலம் வந்தது. மாமி ஒரே நாளில் பாதியைக் காலி செய்துவிட்டார்கள். அடுத்த ஆளிடம் இரண்டாக அனுப்புங்கள்.

காரைக்கால்மேட்டில் காசியம்மா கூடையைக் கவிழ்த்துக் காட்டாமல் ஏலம் கூறமாட்டாள். செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் மீன் வாங்குகிறோம். நீங்களோ பார்க்காத மலையில் பார்க்காத அறையை வாங்குகிறீர்கள். ஆனாலும் சொன்னபடி பஸ் ஏறி அம்பகரத்தூர் போனேன்.

பத்திரம் சரி. கட்டணம் எல்லாம் கட்டியாகிவிட்டது. விடுதி ஆபீசில் கேட்டேன், அவர்கள் பெயரில்தான் இருக்கிறதாம், இந்த மே மாதமும் காலியாகத்தான் இருக்கிறதாம். அந்த அக்காவின் கணவர் கலைவாணன் பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். ரசீதுகளை வருஷவாரியாக எடுத்துக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். நேற்று ஜும்ஆ முடிந்து நீங்கள் கூப்பிட்டபோது, மாமி, உங்கள் தங்கச்சி நுஸ்ரத், பக்கத்து வீட்டு மஹ்பூபா எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்க, "சரிங்க" என்றேன். அது பாதிதான் மச்சான். மீதியை இதில் எழுதுகிறேன்.

ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன். அக்கா சிரித்தார்கள். "அவருக்கு வடக்கேயே வேலை. நாங்க ரெண்டு பேரும் தனியா இருக்கணும்னுதான் வாங்குனாரு. லீவு கிடைக்கல, அடுத்த வருஷம் போவோம்னு சொல்லி, வருஷா வருஷம் ஆபீஸ் ஆளுங்களுக்குக் குடுத்துட்டாரு. ரிட்டயர் ஆனப்பறம் ஒரு தடவ நாங்களே போனோம். மூணாம் நாளு திரும்பிட்டோம்."

மழையா என்றேன்.

"மழ இல்லம்மா. பேசறதுக்கு ஒண்ணும் இல்ல. ஒரு வாரம் இருக்குல்ல, இருக்குல்லன்னே மத்த வாரத்தையெல்லாம் ஓட்டிட்டோம்."

அவர்கள் கொடுத்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். பத்திரப்படி இன்னும் இருபத்திரண்டு வருஷம் பாக்கி. அதை ஏலத்தில் ஏதோ லாபம் மாதிரி பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஷிஃபா பத்தாவது முடிக்கும்போது வந்துவிடுவேன், மார்க்கெட்டில் கடை போடுவேன் என்றீர்களே. அவள் ஒன்பதாவது வந்துவிட்டாள். வந்துவிடப் போகிறவருக்கு எதற்கு வருஷத்துக்கு ஒரு வாரம்? எனக்குப் பயமாக இருக்கிறது. வாங்காதீர்கள்.

மாடிக்குப் போய்ப் போன் பேசலாம்தான். அப்படி என்ன ரகசியம் என்று மாமி நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். சாதிக் பாட்சா 21ஆம் தேதி கிளம்புகிறார். தம்ரூட் இனிப்பு டப்பாவுக்குக் கீழே இதை வைத்திருக்கிறேன். ஏலம் முடியும் முன் உங்கள் கையில் இருக்கும்.

உங்கள்
சுஹைனா


குவைத்
3 பிப்ரவரி 2025

அன்பு சுஹைனாவுக்கு, ஸலாம்.

சாதிக் பாட்சாவுக்கு டிக்கெட் தள்ளிப்போய்விட்டது. அவர் வந்து சேர்ந்ததே 30ஆம் தேதி. தம்ரூட் லேசாகக் காய்ந்திருந்தது, ருசி குறையவில்லை.

26ஆம் தேதி ஏலம் எனக்குத்தான் விழுந்தது. நீ 'சரி' என்றதும் அன்றே என் விலையைப் போட்டேன். நான்கு பேர் ஏற்றிப் பார்த்தார்கள். மனதில் வைத்த தொகைக்கு மேல் ஒரு ரூபாய்கூட நான் போகவில்லை. பணமும் அவர்கள் கைக்கு நேராகப் போகாது, நம் பெயருக்கு மாறும்வரை நடுவில் ஏலக்காரர்களிடம் நிற்கும். எல்லாம் பத்திரமாக நடந்தது என்று சந்தோஷமாக இருந்தேன். அப்புறம்தான் உன் கடிதம் வந்தது.

இனி என்ன செய்ய, சொல். விலை கேட்டு விழுந்தபின் வேண்டாம் என்றால் காசியம்மா விடுவாளா? இவர்களும் விடமாட்டார்கள். அந்த அம்மா கதை வேறு, நம் கதை வேறு. நான் உன்னை நினைத்துத்தான் வாங்கினேன், கண்ணு. நீ கேட்ட மற்ற விஷயத்தை நேரில் பேசிக்கொள்ளலாம். அதற்குத்தானே அந்த வாரம்.

உன்
நஜ்முதீன்


காரைக்கால்
22 பிப்ரவரி 2025

அன்புள்ள மச்சானுக்கு,

விழுந்தது விழுந்ததுதான், இனிமேல் அதைப் பேசவில்லை. நோன்பு வரப்போகிறது, கோபத்தை வைத்துக்கொண்டு நோன்பு பிடிக்கக் கூடாது.

உண்மையைச் சொன்னால் எனக்கும் ஆசை வந்துவிட்டது. கடைத்தெருவில் ஸ்வெட்டர் கேட்டேன், கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இந்த ஊர் வெயிலில் யார் கேட்பார்கள்! உள்ளே தேடி இரண்டு எடுத்துக் கொடுத்தார். உங்களுடையது காப்பிக்கொட்டை நிறம். மாமியையும் ஷிஃபாவையும் ஒரு வாரம் பார்த்துக்கொள்ள நுஸ்ரத் ஒத்துக்கொண்டாள். கிண்டல் பண்ணிக்கொண்டேதான் ஒத்துக்கொண்டாள்.

பேசுவதற்கு நிறைய சேர்த்து வைத்திருக்கிறேன். மூன்றாம் நாள் திரும்பவேண்டி வராது.

உங்கள்
சுஹைனா


குவைத்
20 ஏப்ரல் 2025

அன்பு சுஹைனா,

எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. மே மாதம் லீவு இல்லை என்றுவிட்டார்கள். ஹஜ்ஜுப் பெருநாளோடுதான் தருவார்களாம், அது ஜூனில் வருகிறது. மேனேஜரிடம் இரண்டு தடவை போய் நின்றேன். சண்டை போடும் நிலையில் நான் இல்லை.

ஒன்று யோசித்தேன். பெருநாள் வருஷா வருஷம் பத்துப் பதினொரு நாள் முன்னால் வருகிறதல்லவா? இன்னும் இரண்டு வருஷத்தில் மே மாதத்துக்கு வந்து நம் வாரத்தோடு ஒட்டிக்கொள்ளும். பொறுத்துக்கொள்.

இந்த வருஷம் அறை வீணாக வேண்டாம் என்று மேனேஜரின் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன். சென்னையில் இருக்கிறார், குடும்பத்தோடு போகிறார். அடுத்த தடவை என் லீவுக்கு உதவியாக இருக்கும். இன்னும் நிறைய வருஷம் இருக்கிறது, கண்ணு.

உன்
நஜ்முதீன்


காரைக்கால்
12 மே 2025

மச்சான்,

இன்று நம் வாரம் தொடங்குகிறது. யாரோ நம் அறையில் குளிர்காய்கிறார்கள். இங்கே நாய்கூட நிழலை விட்டு நகரவில்லை.

பெருநாள் கணக்கு போட்டீர்களே, பெருநாளன்று மாமியை விட்டுவிட்டு நம்மால் மலைக்குப் போக முடியுமா? அதற்கு அடுத்த வருஷம் பெருநாள் இன்னும் முன்னால் போய்விடும். நம் வாரம் அங்கேயே நிற்கும். உங்கள் லீவு பெருநாளோடு போகும். இது உங்களுக்குத் தோன்றவில்லையா, தோன்றியும் எழுதவில்லையா?

மேனேஜரின் தம்பிக்குக் கொடுத்தேன் என்ற இடத்தைப் படித்ததும் எனக்கு அம்பகரத்தூர் அக்கா வீட்டு ஹால்தான் கண்ணில் வந்தது.

போன வியாழக்கிழமை மாமி தூங்கும் நேரத்தில் ஷிஃபாவின் போனை எடுத்து, நீங்கள் சொன்ன பாஸ்வேர்ட் போட்டு உள்ளே போனேன். நம் வாரத்தை ஏலத்துக்குப் போட்டேன். ஊர்ப் பெயர் காரைக்கால் என்று போட்டேன். யாராவது ஒரு பெண் பத்திரம் பார்க்க வருவாள். காப்பி கொடுத்து உட்கார வைத்து நானும் அந்த அக்கா மாதிரி சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த வாரம் கையை விட்டுப் போனால், வேறு வழியில்லாமலாவது நீங்கள் மொத்தமாக வந்துவிடுவீர்கள் என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை.

கடைசியில் அந்த ஏலத் தளம் ஓர் எண்ணைக் கேட்டது. உங்கள் போனுக்கு அனுப்பியிருக்கிறோம், பத்து நிமிஷத்துக்குள் போடவும் என்றது. அந்த எண்ணைப் பார்த்ததும் கூப்பிடுவீர்கள், நீதானா என்று கேட்பீர்கள், ஆமாம் என்று அழுதுவிடுவேன் என்று உட்கார்ந்திருந்தேன்.

கூப்பிட்டீர்கள். அதற்குள் மாமி எழுந்து வந்துவிட்டார்கள். மணிச்சத்தம் கேட்டு நுஸ்ரத்தும் வந்தாள். போன் நடு ஹாலில் இருந்தது.

"எவனோ நம்ம கணக்குல கை வச்சிருக்கான் சுஹைனா. நம்பர் ஒண்ணு வந்துச்சு. யார் கேட்டாலும் சொல்லிடாதே. நான் அழிச்சுட்டேன், பாஸ்வேர்டையும் மாத்திட்டேன். இனிமே பயமில்ல" என்றீர்கள்.

"அல்ஹம்துலில்லாஹ், எம் புள்ள எவ்வளவு உசாரு" என்றார்கள் மாமி.

நானும் "நல்லதாப் போச்சுங்க" என்றேன்.

மீரா சாகிப் காக்கா நாளைக்குக் கிளம்புகிறார். உங்கள் ஸ்வெட்டரை அவரிடம் கொடுத்துவிடுகிறேன், அங்கே ஏசி அறையில் போட்டுக்கொள்ளுங்கள். இது அதன் மடிப்புக்குள் இருக்கும்.

உங்கள் கணக்கில் யாரும் கை வைக்கவில்லை மச்சான். அந்த எண்ணைக் கேட்டது நான்தான்.

சுஹைனா