நம்ம வூடு

கயலின் அப்பாவுக்கு,

காரியம் முடிந்த கையோடு திருவான்மியூரில் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். உங்கள் பிரஷர் மாத்திரை ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. வெள்ளை வேட்டிகளை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறேன், ஆள் அனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

எம்.எல்.ஏ. ஆனதிலிருந்து தொகுதியில் ஒரு சாவு வீட்டையும் நீங்கள் விட்டதில்லை. மாலை வைப்பீர்கள், கும்பிடுவீர்கள், எல்லா வீட்டிலும் அதே வார்த்தையைச் சொல்வீர்கள். இரண்டாவது முறை ஜெயித்ததே அதனால்தான் என்று கட்சிக்காரர்கள் சொல்வார்கள்.

அன்றைக்குச் சட்டசபையிலிருந்து நேராக வந்தீர்கள். கூடத்தில் நம் பெண்ணைக் கிடத்தியிருந்தோம். உதவியாளர் நீட்டிய ரோஜா மாலையை வாங்கி அவள்மேல் வைத்தீர்கள். பிறகு என் பக்கம் திரும்பிக் கும்பிட்டீர்கள்.

"தைரியமா இருங்கம்மா. எதுன்னாலும் ஆபீசுக்கு வாங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்துவிட்டீர்கள். டிரைவர் வண்டியை எடுக்கவில்லை.

"அண்ணே, இது நம்ம வூடுண்ணே" என்றார்.

அதற்கும் நீங்கள் தலையைத்தான் ஆட்டினீர்கள்.

எனக்குக் கோபமில்லை. அழுகையும் இன்னும் வரவில்லை. உங்களுக்கு வந்தால் ஒரு போன் செய்யுங்கள், எந்நேரமானாலும் வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
இப்போது உங்கள் தொகுதியில் இல்லாத
உங்கள் மனைவி