லைற்றை அணைப்பதில்லை என்ற தீர்மானம்

வெக்ஸ்போர்ட், ரொறன்ரோ
14 யூன் 2009

அன்பு மகள் செரீனாவுக்கு,

அம்மா எழுதுவது. எனக்கும் அப்பாவுக்கும் சுகத்தில் குறையில்லை, அவுஸ்திரேலியாவில், பேர்த் நகரில் உனக்கும் அப்படியே இருக்க மாதாவை மன்றாடுகிறேன். முதலில் முக்கியமான செய்தி. எங்கள் ஊர்ச் சங்கத்தின் நிர்வாகசபை மூன்று மணித்தியாலம் கூடி, இரண்டு தரம் தேநீர் குடித்து, மண்டபத்து லைற்றை எக்காரணம் கொண்டும் அணைப்பதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. ஊரில் யுத்தம் முடிந்ததென்று அறிவித்து மூன்றாம் கிழமை, எங்கள் சனம் ஒரு விஷயத்திலாவது ஒற்றுமைப்பட்டது என்று அறிந்தால் நீ சந்தோஷப்படுவாய்.

காரணம் நீ அனுப்பிவைத்த உன் பேராசிரியர் கெரன்தான். அவுஸ்திரேலியப் பழங்குடிப் பெண், வானியலாளர், இங்கே மாநாட்டுக்கு வரும்போது தன் சனத்தின் வானத்தை எங்கள் சனத்துக்கும் காட்டுவா என்று எழுதியிருந்தாய். படம் காட்ட மண்டபம் இருட்டாக இருக்கவேண்டும், அவ கேட்டது அது ஒன்றுதான். வீடியோ எடுக்கிற நீக்கிலாஸ், இருட்டில் பொன்னாடை போர்த்துறது எப்பிடித் தெரியும் என்று கேட்டான். தலைவர் ஜெயரட்ணம் அங்கிள் அதில் பெரிய நியாயத்தைக் கண்டார். போன சனிக்கு முந்திய சனி விழா. தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை என்று ஆறு பேர் பேசி ஒன்பது பொன்னாடை போர்த்தார்கள், அதில் எட்டு தங்களுக்குள். பிறகு ஜெயரட்ணம் அங்கிள் கெரனைப் பார்த்து, நாங்களும் பழைய சனம், எங்களிட்டயும் பஞ்சாங்கம் இருக்குது, உங்கட கதையைச் சுருக்கமாய்ச் சொல்லுங்கோ என்றார். கெரன் சிரித்துக்கொண்டு சுவரடிக்குப் போய் சுவிச்சைத் தானே அணைத்தா. சபையின் தீர்மானம் அவவுக்கு மொழிபெயர்க்கப்படவில்லை. மொழிபெயர்ப்பாளர் நான்தான்.

பால்வீதியில் ஒரு ஈமு பறவையைக் காட்டினா. நட்சத்திரங்களைக் கோத்து வரைந்ததல்ல, நடுவில் கிடக்கிற இருட்டுத்தான் அதன் கழுத்தும் உடம்பும். அது வானத்தில் கிடக்கும் விதத்தைப் பார்த்து முட்டை எடுக்கும் காலத்தை அறிவார்களாம். தனக்கு இதைச் சொல்லித்தந்தவர் அண்மையில் மோசம் போய்விட்டார், இறந்தவரின் பேரைக் கொஞ்சக் காலம் தங்கள் சனம் வாயால் சொல்லாது, அதனால் பேர் சொல்லவில்லை என்றா. நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்கப் பின்வரிசையில் ஒரு கதிரை இழுபட்டது. எங்கள் கட்டடத்து இரண்டாம் மாடி அன்ரனெற் அன்ரி. மகன் மரியோ ஏப்ரல் கடைசியில் வன்னியிலிருந்து போன் எடுத்தவன், அதற்குப் பிறகு ஒரு சத்தமுமில்லை. இருக்கிறானா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியாது, ஜெயரட்ணம் அங்கிளைத் தவிர. அவர் அஞ்சலி மலருக்கென்று அவனுடைய படம் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். அப்ப நான் சொல்லலாம்தானே என்றா அன்ரனெற். சொல்லிவிட்டு மரியோ, மரியோ என்று கூப்பிட்டா, பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற சத்தத்தில். கொஞ்சம் பொறுத்து வேறு வரிசைகளிலிருந்தும் பேர்கள் வந்தன. கெரனுக்கு நான் மொழிபெயர்க்கவில்லை, அவ கேட்கவுமில்லை. நன்றியுரைக்கு நேரமாகிறது என்று ஜெயரட்ணம் அங்கிள் லைற்றைப் போட்டார்.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும், வெறுந்தலையோடு தொலைநோக்கியடியில் நிற்காதே. மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். மன்றாடும்போது மரியோவின் பேரை உயிரோடு இருப்பவர்களுக்கான மன்றாட்டில் சொல், மறந்துபோய் மாறிச் சொல்லாதே.

உன் அம்மா,
வேரோனிக்கா

பி.கு: நீ கேட்ட வீடியோவை நேற்று நீக்கிலாஸ் தந்தான், தபாலில் போடுகிறேன். இரண்டு மணித்தியாலம் பத்து நிமிடம். இருட்டாயிருந்த இருபது நிமிடத்தையும் படம் தெரியவில்லை என்று வெட்டிவிட்டார்கள்.