இரண்டாவது மேப்பிள் மரத்தடியில் உங்கள் குதிரைவீரன்

அன்புள்ள குணம் அண்ணை,

உங்கள் குதிரைவீரனின் கல்லறைக்குக் கல் வைத்துவிட்டார்கள். இன்று காலை நானும் அண்ணியும் பக்கத்தில் நின்று பார்த்தோம். பெயர், படைப்பிரிவு, பதக்கம் எல்லாம் அழகாகப் பொறித்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் "கல்லு என்ன மாதிரி, வருமோ?" என்று கேட்டீர்களே. வந்துவிட்டது.

அவனைப் பற்றி நான் பத்திரிகையில் எழுதியது சின்னச் செய்திதான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் குதிரைப்படையில் இருந்த மொன்றியல்காரன். எல்லோரும் பின்வாங்கியபோது, விழுந்து கிடந்த தோழனுக்காகக் குதிரையைத் திருப்பியவன். அதற்கு வீரப் பதக்கம் கொடுத்தார்கள். ஊர் திரும்பிச் செத்தபோது கல் வைக்கத்தான் ஆளில்லை. அதைப் படித்த அன்றே, துறைமுக வேலை முடிந்த கையோடு, என்னையும் ஏற்றிக்கொண்டு அவனைப் புதைத்த சவக்காலைக்குக் காரை விட்டீர்கள். பிறகு ஒவ்வொரு வருடமும் பனி கரைந்ததும் அவன் கிடக்கும் மேப்பிள் மரத்தடியில் உங்கள் பூ இருந்தது.

இனிச் சொல்லப்போவதற்குச் சிரிப்பீர்கள். அவன் அங்கே இல்லை, அண்ணை!

நாங்கள் வழக்கமான இடத்தில் பூவோடு காத்து நின்றோம். சவக்காலை அலுவலகத்துப் பெண் வரைபடத்தோடு வந்தார், பொன்ஜூர் சொன்னார், எங்களைத் தாண்டி அடுத்த மேப்பிளுக்குப் போய்விட்டார். கல்லுக்கு மண் வெட்டியிருந்தது அங்கேதான். அப்படியானால் இவ்வளவு காலமும் யாருக்குப் பூ வைத்தோம்? வரைபடத்தைத் திருப்பிப் பார்த்துச் சொன்னார்: ஒரு தையற்காரி. உறவென்று யாருமில்லை. அவளுக்கும் கல் இல்லை.

அண்ணி கையிலிருந்த பூவில் பாதியைப் பிரித்து அங்கேயே வைத்தார். "இருக்கட்டும். இவரை விட்டா அந்த மனுசிக்கு வேற ஆர் பூ வைச்சவை?"

அந்தக் குதிரைவீரனில் ஏன் அவ்வளவு பற்று என்று நீங்கள் சொன்னதேயில்லை. எனக்குத் தெரியாதா? எங்கள் ஊர்ச் சண்டையில், ஷெல் விழுந்துகொண்டிருந்த வீதியில், கால் கிழிந்து கிடந்த எனக்காகச் சைக்கிளைத் திருப்பியவர் நீங்கள். அதை எழுதட்டுமா என்று எத்தனை தரம் கேட்டேன்.

"விசரே உனக்கு? சைக்கிளுக்கு ஆரடா மெடல் குடுக்கிறது?"

இன்று எழுதிவிட்டேன். தடுக்க நீங்கள் இல்லை.

அடுத்த வருடம் பனி கரைந்ததும் இரண்டு மரத்தடிக்கும் பூ வரும், அண்ணை. முதலில் தையற்காரிக்கு. நீங்கள் பழக்கிவிட்ட வழி அது.

உங்கள் சைக்கிள் கரியரில் உயிரோடு வந்த தம்பி,
நாதன்